சினை ஊசி போடும் முன் ஒரு கேள்வி: காளை எது?

யூடியூபைத் திறந்தால் லிமோசின் காளை வீடியோ கட்டாயம் ஒன்றாவது கண்ணில் படும். செந்நிற உடம்பு, அகன்ற முதுகு, ஒரு டன் எடை. பார்த்ததுமே, "இந்தக் காளையோட ஊசி நம்ம மாட்டுக்குக் கிடைக்குமா?" என்று கேட்கத் தோன்றும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் லிமோசின் என்பது பிரான்ஸ் நாட்டின் லிமோஜ் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியைச் சேர்ந்த இறைச்சி இனம். சதைப்பிடிப்புக்காகவே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பால் ஊற்றிப் பிழைக்கும் நம் ஊர்க் குடும்பத்துக்கு அது உதவாது. தமிழ்நாட்டின் கால்நடை இனப்பெருக்கத் திட்டத்திலும் அதற்கு இடமில்லை.

அப்படியானால் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பசுவுக்கு எந்தக் காளையைத் தேர்ந்தெடுப்பது? இந்த முடிவைப் பலரும் எடுப்பதே இல்லை. "எந்த ஊசியா இருந்தா என்ன, சினை புடிச்சா சரி" என்று விட்டுவிடுகிறோம். ஊசி போட ஐந்து நிமிடம் போதும். பலன் தெரியத்தான் ஏறத்தாழ 3 வருடம் ஆகும். சினைக்காலம் சுமார் 280 நாள். பிறக்கும் கிடேரி நன்றாக வளர்ந்தால் 15 முதல் 18 மாதத்தில் சினைக்குத் தயாராகும். அது கன்று ஈன்று பால் கறக்க இன்னும் 9 மாதம். அப்போதுதான் தெரியும், அன்றைக்குத் தேர்ந்தெடுத்தது சரியா தவறா என்று.

உங்கள் மாட்டைப் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுங்கள்

சமவெளிப் பகுதிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன். தமிழ்நாட்டின் கலப்பினத் திட்டத்தில் நீண்ட காலமாகப் பின்பற்றப்படும் பொதுவான வழி இது. காரணம் எளிது. ஜெர்சி உடம்பில் சிறியது, தீனி குறைவாகக் கேட்கும், வெயிலை ஓரளவு தாங்கும். பாலின் அளவு ஹோல்ஸ்டீனைவிடக் குறைவுதான். ஆனால் கொழுப்புச் சத்து கூடுதல். ஆவின் சங்கத்தில் கொழுப்பையும் இதர சத்துகளையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

தீனியும் முக்கியம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் கார், பிசானம் என நெல் விளைவதால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வைக்கோல் வயிற்றை நிரப்பும், பாலைப் பெருக்காது. பசுந்தீவனமும் அடர்தீவனமும் கொடுக்க முடியாத வீட்டில் அதிகப் பால் தரும் இனம் மெலிந்துபோகும், பருவத்துக்கு வராமலும் நிற்கும். நாங்குநேரி, ராதாபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கலப்பு எவ்வளவு? ஒரு சின்னக் கணக்கு

நாட்டுப் பசுவுக்குத் தூய ஜெர்சி காளையின் ஊசி போட்டால் கன்றில் 50 சதவீதம் வெளிநாட்டு ரத்தம். அந்தக் கிடேரிக்கு மறுபடியும் தூய ஜெர்சி போட்டால் அடுத்த கன்றில் 75 சதவீதம். அதற்கும் தூய ஜெர்சியே போட்டால் 87.5 சதவீதம். பால் கூடுகிறதே என்று இப்படி ஏற்றிக்கொண்டே போனால், சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும். உண்ணிக் காய்ச்சல் போன்ற நோய்களும் எளிதில் பிடிக்கும்.

இதற்காகத்தான் "கலப்பின ஜெர்சி" காளையின் ஊசி இருக்கிறது. 75 சதவீதக் கலப்புள்ள பசுவுக்கு 50 சதவீதக் கலப்பினக் காளையைச் சேர்த்தால் கன்று 62.5 சதவீதத்தில் நிற்கும். உங்கள் பசு ஏற்கெனவே ஜெர்சி போலவே இருந்தால், "கலப்பினக் காளை ஊசி இருக்கா சார்?" என்று கேளுங்கள்.

வீட்டில் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் போன்ற அசல் நாட்டினப் பசு இருந்தால் கலப்பினத்துக்குப் போக வேண்டாம். அதே இனக் காளையின் உறைவிந்தைக் கேட்டுப் பெறுங்கள். ஒருமுறை கலந்துவிட்டால் அந்த வழியில் அசல் இனம் திரும்பக் கிடைக்காது.

முதல் ஈற்றுக் கிடேரிக்குக் கூடுதல் கவனம்

பெரிய காளை என்றால் பெரிய கன்று, பெரிய கன்று என்றால் நல்ல விலை என்று நினைப்பவர்கள் உண்டு. சிறிய உடம்புள்ள கிடேரிக்குப் பெரிய இனக் காளையைச் சேர்த்தால் கன்று பிறப்புவழியில் சிக்கிக்கொள்ளலாம். கன்று மட்டுமல்ல, தாயும் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ஜெர்சிக் கன்றுகள் சிறியதாகப் பிறப்பதால் முதல் ஈற்றுக்கு அது பாதுகாப்பு.

ஊர்க் காளை ஏன் வேண்டாம்?

தெருவில் திரியும் காளைக்குச் செலவில்லை, உண்மைதான். ஆனால் அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கிடேரிக்கு அதுவே தகப்பனாகவும் இருக்கலாம். புரூசெல்லோசிஸ் போன்ற கருச்சிதைவு நோயுள்ள மாடுகளோடு அது பழகியிருக்கலாம். இந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும்.

உதகமண்டலம், தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் உள்ள அரசு உறைவிந்து நிலையங்களில் காளைகள் இனம், வம்சாவளி, தாயின் பால் அளவு பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. காசநோய், புரூசெல்லோசிஸ் உள்ளிட்ட நோய்களுக்கும் மரபுக் குறைபாடுகளுக்கும் பரிசோதனை உண்டு. அங்கே சேகரிக்கும் விந்து 0.25 மில்லி குச்சிகளில் அடைக்கப்பட்டு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் காக்கப்பட்டு உங்கள் ஊர் வரை வருகிறது.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இது என்ன இனம்? தூய இனமா, கலப்பினமா?
2. காளை எண் என்ன? (இந்தப் பசுவின் தகப்பனும் அதே காளையாக இருக்கக் கூடாது.)
3. எந்த நிலையத்தில் தயாரானது?
4. சாதாரண ஊசியா, பாலினம் பிரிக்கப்பட்டதா? கட்டணம் எவ்வளவு?

பாலினம் பிரிக்கப்பட்ட விந்தில் சுமார் 90 சதவீதம் கிடேரிக் கன்று எதிர்பார்க்கலாம். ஆனால் சினைபிடிக்கும் வாய்ப்பு சாதாரண ஊசியைவிடச் சற்றுக் குறைவு. அதனால் ஆரோக்கியமான, ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் மாட்டுக்கே போடுவது நல்லது.

குச்சியின் மேலேயே இனம், காளை எண், நிலையம், தேதி ஆகிய விவரங்கள் அச்சாகியிருக்கும். எழுத்து பொடிசு. ஊசி போட்டதும் அந்தக் குச்சியை வாங்கி உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணையும் சேர்த்து எடுங்கள். இந்த இரண்டு எண்களும் "பாரத் பசுதன்" தளத்தில் பதிவாகின்றனவா என்று ஊசி போடுபவரிடமே காட்டச் சொல்லலாம். சுமார் இரண்டு வருடம் கழித்துப் பிறந்த கிடேரிக்கு ஊசி போடும்போது, "இதோட அப்பன் காளை எது?" என்ற கேள்விக்கு அந்தப் போட்டோதான் பதில்.

நேரம் தவறினால் காளை நல்லதாக இருந்தும் பயனில்லை

- பசு கத்துவது, மற்ற மாடுகள் மேலே தாவுவது, கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுவது பருவத்தின் அறிகுறி.
- காலையில் தெரிந்தால் அன்று மாலையில் ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில்.
- ஊசி போட்ட தேதியை போன் காலண்டரில் குறியுங்கள். 21-ம் நாளை ஒட்டி மறுபடி பருவம் வருகிறதா என்று பாருங்கள்.
- வரவில்லை என்றால் மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை கட்டாயம். பருவத்துக்கு வராததாலேயே சினை என்று முடிவு செய்ய முடியாது.

யாரிடம் போகலாம்?

முதலில் உங்கள் பகுதி கால்நடை மருந்தகம் அல்லது கிளை நிலையம். இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால் ஊசியை மாற்றிக்கொண்டே இருக்காமல் மாட்டைப் பரிசோதிக்க வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கான சிகிச்சை வசதி உண்டு. ஈற்றுச் சிக்கல் போன்ற அவசரத்துக்கு 1962. சேவையில் குறை இருந்தால் முதல்வரின் உதவி மையம் 1100.

அடுத்த முறை பசு பருவத்துக்கு வரும்போது, ஊசி போட வருபவரிடம் குச்சியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது உங்கள் உரிமை.