கோஸ்தானில் போன சம்பளம்

ஜாசின் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கேயே பிறந்து வளர்ந்த பையன், வயது இருபத்திரண்டு. அப்பா குலை வெட்டுகிறவர், அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பாடுபட்டு லோரி லைசென்சும் ஜி.டி.எல்.லும் எடுத்து, குலை ஏற்றும் லோரியில் ஓட்டுநராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சென்ற மாதம் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தான். "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினான். வேறொன்றும் பேசவில்லை.

சீட்டில் 'லோரி ரிப்பேர்' என்று போட்டு 300 வெள்ளி பிடித்திருந்தார்கள். அதற்கு முந்திய மாதமும் 300. இன்னும் இரண்டு மாதம் உண்டாம். நடந்தது இதுதான்: ஆலையில் குலை கொட்டுவதற்கு லோரியைப் பின்னுக்கு எடுக்கையில் வால் பகுதி தூணில் மோதி, விளக்கு உடைந்து, இரும்புச் சட்டம் நெளிந்துவிட்டது. லோரிக் குத்தகைக்காரர், "நீ இடிச்சே, நீ கட்டு" என்று முடித்துவிட்டார். பையன் வீட்டில் மூச்சு விடவில்லை. கூட்டாளியிடம் கடன் வாங்கி, முழுச் சம்பளம் வந்ததுபோல் அம்மா கையில் கொடுத்திருக்கிறான்!

"கையெழுத்து ஏதும் போட்டியா தம்பி?" என்று கேட்டோம்.

"ஒரு தாளில போடச் சொன்னாங்கண்ணே. போட்டேன்."

தொழிலாளத் தோழர்களே, இதைக் கவனியுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. தவறுதலாகக் கூடக் கொடுத்த சம்பளம், கொடுத்த முன்பணம், நோட்டீஸ் கொடுக்காமல் விலகினால் கட்ட வேண்டிய ஈடு, இப்படிச் சிலவற்றைத்தான் முதலாளி தாமாகப் பிடிக்கலாம். உடைந்த விளக்கும் நெளிந்த இரும்பும் அந்த வரிசையில் இல்லை. பையன் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டதாலேயே பிடித்தம் சட்டப்படி ஆகிவிடாது. வேலையில் தவறு என்றால் 14-ஆவது பிரிவு இருக்கிறது. முறையாக விசாரணை வைத்த பிறகே தண்டிக்கலாம். வேலையை விட்டே நிறுத்தினாலோ, 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். நாள் தவறினால் கதவு சாத்தப்பட்டுவிடும். நமது ஆட்கள் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் எழுதிக் கொடுத்தோம். சரி, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இடித்தது இடித்ததுதானே? நாளைக்கு மறுபடி இடித்தால்?

ஆகவே அவனை மெர்லிமாவில் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனோம். அந்தக் காலத்தில் பால் லோரி, பிறகு குலை லோரி, கடைசியில் டிரெய்லர் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி ஓய்ந்தவர். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் சொல்லிவிட்டு, "என்ன தம்பி, கோஸ்தானா?" என்று சிரித்தார். (கப்பல்காரர்கள் பின்னுக்குப் போகச் சொல்லும் ஆங்கிலக் கட்டளைதான் நம் நாட்டு நாக்கில் கோஸ்தான் ஆயிற்று என்பார்கள். மலாக்கா துறைமுக ஊர், பொருத்தம்தான்.)

"எந்தப் பக்கம் இடிச்சே?"

"இடது பக்கம் மாமா."

"அதானே! நீ உட்கார்றது வலது பக்கம். வால் வலது பக்கம் திரும்புற மாதிரி லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினா, தலையை நீட்டிப் பார்க்கலாம். இடது பக்கம் திருப்பினே, கண்ணாடிய நம்பித்தான் போகணும். கண்ணாடி பாதிதான் காட்டும்."

தீப்பெட்டியை எடுத்து மேசையில் தள்ளிக் காட்டினார். பின்னால் போகையில் வால் ஒரு பக்கம் வளைந்தால், மூக்கு மறுபக்கம் வீசும். புதியவர்கள் வாலையே பார்த்துக்கொண்டிருந்து, முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிடுவார்கள். பிறகு தீப்பெட்டிக்குப் பின்னால் கரண்டியை வைத்து டிரெய்லர் என்றார். அதில் எல்லாம் தலைகீழ். ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். ஸ்டீரிங்கின் அடியில் கையைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே வாலும் போகும். கொஞ்சமாகத் திருப்பு, மெதுவாகப் போ, கோணிவிட்டால் முன்னுக்கு எடுத்து மறுபடி ஆரம்பி. "முன்னுக்கு எடுக்கிறது வெட்கமில்ல தம்பி. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் முன்னுக்கு எடுத்தவன்தான்."

லைசென்சுக்குப் பழகுகிற திடல் சமதரை, கோடு போட்டிருக்கும். நம் தோட்டப் பாதையோ செம்மண். மழை பெய்தால் ஓரம் ஊறிக் கிடக்கும். குலை நிறைந்த லோரியின் பின் சக்கரம் லோங்கான் ஓரத்தில் ஏறினால், மண் அப்படியே சரியும். கொட்டுவதற்குத் தொட்டியைத் தூக்கும் முன் மேலே மின்கம்பி, மட்டை இருக்கிறதா, தரை சமமா என்று பார்க்க வேண்டும். சாய்ந்த தரையில் தூக்கினால் லோரியே கவிழும். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பது? சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. நமது பையனுக்குக் கிடைத்த பயிற்சி, சாவியைக் கையில் கொடுத்ததுதான்.

"கெலிண்டான் இருந்தானா?" என்று பெரியவர் கேட்டார்.

"இருந்தான் மாமா. போனைப் பார்த்துக்கிட்டிருந்தான்."

"அவன் எங்க நிக்கணும்னு சொன்னியா? நேர் பின்னால நிக்கக் கூடாது. கண்ணாடியில தெரியிற இடத்துல, ஓரமா நிக்கணும். அவன் கண்ணுக்கு மறைஞ்சா லோரி நின்னுடணும். அவன் 'வா, வா'ன்னு சொன்னாலும் சரி!"

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். லயத்துப் பக்கம் பால் லோரியை நிறுத்திவிட்டு, கிராணியிடம் பேசித் திரும்பி வந்து ஏறியவர், கியரைப் பின்னுக்குப் போட்டாயிற்று. எதற்கென்று தெரியவில்லை, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாராம். பின் சக்கரத்தை ஒட்டி, நிழலில், இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

"தூக்கிக்கிட்டுப் போயி அதோட ஆத்தாகிட்ட கொடுத்தேன். ஒன்னும் சொல்லல. அன்னையிலிருந்து இறங்கிப் பார்க்காம கோஸ்தான் எடுத்ததில்ல."

பையன் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது, "அப்பாகிட்ட இன்னைக்குச் சொல்லிடறேண்ணே" என்றான்.

இதை எழுதும்வரை இலாகாவின் விசாரணைக்குத் தேதி வரவில்லை. சென்ற வாரம் வேறு வேலையாக அந்த ஆலைப் பக்கம் போயிருந்தோம். எடை போட்ட லோரிகள் வரிசையாக நின்றன. அவன் முறை வந்தது. கொட்டும் மேடைக்குப் பத்தடி முன்னால் லோரியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, இறங்கிப் பின்னால் நடந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான், மேலே பார்த்தான், கெலிண்டானைத் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். அடுத்து நின்ற லோரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.