கோடை மழைக்குப் பின் சாகும் மீன்: காரணமும் காப்பும்

மதுரை, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் கண்மாயிலும் பண்ணைக் குட்டையிலும் மீன் வளர்க்கும் சிறு விவசாயிகள் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு விபரீதத்தைக் காண்பதுண்டு. பல நாட்கள் கொளுத்திய வெயிலைத் தாங்கிய மீன்கள், கோடை மழை பெய்த மறுநாள் காலையில் வெள்ளை வெள்ளையாக மிதக்கின்றன. யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு எழுகிறது. பக்கத்துத் தோட்டக்காரரோடு பகையும் வளர்கிறது. பெரும்பாலான நேரங்களில் காரணம் நஞ்சு அல்ல. நீரில் கரைந்திருக்கும் பிராண வாயு தீர்ந்துபோவதே காரணம்.

ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் அழியாமல் காக்க, வெயிலுக்கு அஞ்சுவதைவிட வெயிலை அடுத்து வரும் மேகமூட்டத்திற்கும் முதல் மழைக்கும் அஞ்ச வேண்டும்.

வெயில் செய்யும் வேலை

நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராண வாயு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராண வாயுவை ஏற்கும். 30 டிகிரியில் இது ஏழரை மில்லிகிராம். 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்கும் குறைவு. மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான் கோடைக் குட்டையின் நிலையும்.

நீரின் அளவும் சுருங்குகிறது. கடும் கோடையில் 2 மாதத்தில் ஒன்றரை அடி நீர் ஆவியாகவே போய்விடும். 20 சென்ட் குட்டையில் 5 அடி நீர் நின்றால், கரைச் சரிவைக் கணக்கில் எடுக்காமல், சுமார் 12 லட்சம் லிட்டர். அதில் கரைந்திருக்கக்கூடிய பிராண வாயு ஏறத்தாழ 9 கிலோ. நீர் 2 அடியாக வற்றினால் 5 லட்சம் லிட்டரும் மூன்றரை கிலோ பிராண வாயுவுமே மிஞ்சும். மீன்களோ முன்பைவிட எடை கூடியிருக்கும்.

நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி பகலில் சூரிய ஒளியைக் கொண்டு பிராண வாயுவை உண்டாக்குகிறது. இரவில் அதுவும் மீனைப் போலவே சுவாசிக்கிறது. அடிச்சேற்றில் மட்கும் சாணமும் மிஞ்சிய தீவனமும் சேர்ந்து பங்கு கேட்கின்றன. மீன் செலவிடுவதைவிடப் பாசியும் சேறும் செலவிடுவதே பல குட்டைகளில் அதிகம். ஆகவே பிற்பகலில் உச்சத்திலிருக்கும் பிராண வாயு விடியற்காலையில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நன்கு வளரும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் திணறும்.

மழை ஏன் கொல்கிறது?

வெயில் நாட்களில் மேல்நீர் சூடாகவும் இலேசாகவும், அடிநீர் குளிர்ந்தும் கனமாகவும் தனித்தனியே நிற்கின்றன. அடிநீரில் பிராண வாயு இராது. அம்மோனியாவும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கியிருக்கும். இடியோடு மழை கொட்டும்போது மேல்நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்க, அடிநீர் மேலே கிளம்பிக் கலந்துவிடுகிறது. வரத்துக் கால்வாயில் வரும் முதல் தண்ணீர் குப்பையையும் சாணத்தையும் சேர்த்துக் கொணர்கிறது. மறுநாளும் வானம் மூடியிருந்தால் பாசிக்கு ஒளி கிடைப்பதில்லை. இவை அனைத்தும் ஒன்றுகூடும் விடியற்காலையில்தான் மீன் சாகிறது. மழையே இல்லாமல், காற்று அசையாது புழுங்கும் மேகமூட்டமான இரவும் இதே தீங்கைச் செய்யும்.

அண்மைக் காலத்தில் இத்தகைய திடீர் மாற்றங்களைக் கண்டு வருகிறோம். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் தமிழக உள்மாவட்டங்களுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடப்பட்டது. மே நடுவில் தென் மாவட்டங்களில் பலத்த கோடை மழை பெய்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததால், கண்மாய்களில் கோடைக்கு முன்பே நீர் இல்லை. ஆகவே 'சித்திரை கழித்துப் பிடிக்கலாம்' என்று மாதத்தை நம்பியிருப்பது இனிப் பொருந்தாது.

அறிகுறிகள்

விடியற்காலையில் கரையில் நின்று பார்ப்பதே சிறந்த சோதனை. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பிராண வாயு குறைந்துவிட்டது என்று பொருள். கைதட்டினால் உடனே உள்ளே பாய்ந்தால் நிலைமை இலேசானது. அசையாமல் நின்றால் ஆபத்து முற்றிவிட்டது. நத்தைகள் நீர் விளிம்புக்கு ஏறுவதும் முன்னறிவிப்பே. கரும்பச்சை நீர் திடீரெனப் பழுப்பாக மாறினால் பாசி மடிந்து அழுகத் தொடங்கிவிட்டது எனக் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பருவமழை நீரை நம்பிய குட்டையில் 20 சென்ட்டுக்கு 400 குஞ்சுகள் போதும். இடநெருக்கடி முதல் எதிரி.

2. கோடையில் குறைந்தது 4 அடி நீர் நிற்க வேண்டும். கிணற்று நீர் உள்ளவர்கள் சிறிது சிறிதாக விட்டு வரலாம். கிணற்று நீரிலும் பிராண வாயு குறைவாக இருக்கும் என்பதால், பலகை அல்லது கல்லின் மேல் விழுந்து சிதறும்படி விடுதல் நலம்.

3. பங்குனி பிறந்ததும் சாணம் இடுவதை நிறுத்த வேண்டும். தவிடு, பிண்ணாக்குத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, வெயில் ஏறுமுன் காலையில் இட வேண்டும். வானம் மூடிய நாளில் தீவனமே வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது. மிஞ்சிய தீவனத்தால் சாகும்.

4. நீர்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் தென்னங்கீற்று அல்லது பனையோலை நிழல் அமைக்கலாம். முழுவதும் மூடினால் பாசிக்கு ஒளி கிடைக்காது.

5. மழை வரும் எனத் தெரிந்தால் கரையின் உட்சரிவில் 20 சென்ட்டுக்கு 8 கிலோ வீதம் சுண்ணாம்பு தூவலாம். நீர் கரும்பச்சையாக இருக்கும்போது பிற்பகலில் நீருக்குள் சுண்ணாம்பு இடக்கூடாது. அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடிவிடும்.

6. ஆபத்து நேரும் இரவில், நள்ளிரவு முதல் வெயில் ஏறும்வரை மோட்டார் பம்பு அல்லது ஆயில் என்ஜின் கொண்டு குட்டை நீரையே எடுத்து உயரத்திலிருந்து மழைபோல் திரும்ப விழச் செய்ய வேண்டும். உறிஞ்சு குழாய் மேல்நீரில் இருக்கட்டும், அடிச்சேற்றைக் கிளறக்கூடாது. பதற்றத்தில் பலர் இறங்கிக் கலக்குவது கேட்டையே விளைவிக்கும். இடி மின்னல் நேரத்தில் எவரும் நீரில் இறங்கலாகாது.

7. இரவில் செத்து மிதக்கும் மீனை விற்கவோ உண்ணவோ கூடாது. உடனே அகற்றிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

எப்போது பிடிப்பது?

கங்கைச் சமவெளியிலிருந்து வந்த கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை செவுளை மட்டுமே நம்புபவை. நீர் 3 அடிக்கு இறங்கும் நாளே இவற்றின் அறுவடை நாள். ஒரேயடியாக விற்க இயலாதவர்கள், மாசி மாதத்திலேயே அரைக் கிலோவுக்கு மேற்பட்டவற்றை அரித்தெடுத்து விற்கத் தொடங்கலாம். எஞ்சியவற்றுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். முதல் நாள் தீவனத்தை நிறுத்தி, சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்து வலையிட வேண்டும். நடுப்பகலில் வலை இழுத்தால் சேறு கலங்கும். பிடித்த மீனும் விரைவில் கெடும். மீன் எடைக்குச் சமமாகப் பனிக்கட்டி இட்டு அனுப்பினால் மதுரைச் சந்தையில் விலை குறையாது.

1952-இல் இலங்கையிலிருந்து மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டு, பின் எங்கும் பரவிய ஜிலேபிக் கெண்டை குறைந்த பிராண வாயுவையும் ஓரளவு தாங்கும். அது பெருகப் பெருகத் தீவனத்துக்கும் இடத்துக்கும் போட்டி கூடுகிறது. கோடையில் முதலில் பிடித்தெடுக்க வேண்டியது அதுவே. வெப்பத்தைத் தாங்கும் என்று சிலர் பரிந்துரைக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன், அதை வளர்க்கலாகாது.

விராலின் கணக்கு வேறு

விரால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்லது. கட்லா சாகும் குட்டையிலும் விரால் பிழைத்திருக்கும். ஈரச் சேற்றிலும் சில காலம் உயிர் தரிக்கும். நடுப்பகலில் நிழலிலும் ஆழத்திலும் பதுங்கி, காலையிலும் அந்தியிலும் இரைக்கு வரும். தூண்டில்காரர்கள் அந்நேரத்தையே நம்புவது இதனால்தான்.

மழை நீர் புதிதாகச் சேர்ந்ததும் விரால் இனப்பெருக்கம் செய்கிறது. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாய் தந்தை இரண்டும் காவல் காக்கும். காவல் நிற்கும் மீன் அருகில் வரும் எதையும் பாய்ந்து கவ்வும். தூண்டிலில் எளிதில் சிக்கும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டுப் பிடித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டில் போடாமல் விடுவதே அடுத்த ஆண்டுக்கு முதலீடு. விரால் தங்கிய குட்டையில் கெண்டைக் குஞ்சு விடுவோர் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சுகளையே விட வேண்டும். சிறு குஞ்சுகள் அனைத்தும் விராலுக்கே உணவாகும்.

ஊர்க் கண்மாயில்

மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கங்களில் நீர் வற்றும்போது ஊரார் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவது வழக்கம். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை கொண்டு எல்லோரும் இறங்குகிறார்கள். பிடித்த மீனை வீட்டுச் சமையலுக்கே கொண்டு செல்கிறார்கள். திணறிச் சாகவிருக்கும் மீனை உரிய காலத்தில் எடுத்துப் பகிரும் நல்ல ஏற்பாடு இது. கோடை முந்தும் ஆண்டில் திருவிழா நாளையும் முந்தி வைப்பது நன்று. மடைக்குக் கீழே நீர் தேங்கும் ஆழ்பள்ளத்தில் மட்டும் வலை வீசாமல் விட்டால், அங்கு பிழைக்கும் நாட்டுக் கெண்டையும் விராலும் அடுத்த மழைக்கு வித்தாகும். முற்றிலும் காய்ந்த பகுதியில், உரிய அனுமதி பெற்று, வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு இடலாம். நிலமும் வளமாகும், அடுத்த ஆண்டு கண்மாயின் ஆழமும் கூடும்.

பயிருக்கு நீர் பார்ப்பதுபோல் மீனுக்கும் விடியற்காலையில் ஒருமுறை நீர் பார்க்க வேண்டும். சித்திரை தொடங்கியதும் வானிலை அறிக்கையை நாள்தோறும் கேட்டு, மேகம் திரளும் முன்னரே பம்பைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளும் விவசாயிக்குக் கோடை மழை இழப்பாகாது. மேலும் விவரம் தேவைப்படுவோர் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகிப் பயன்பெறலாம்.