திருச்சபைப் பணியும் தன்பாலீர்ப்பாளரும்: தமிழ்நாட்டு நிலை

தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொண்ட ஒருவர், அதை மறைக்காமல் கிறித்தவ ஆயராகவோ, உபதேசியாராகவோ, பாடகர் குழுவில் ஒருவராகவோ, சபையின் சாதாரண உறுப்பினராகவோ இருக்க முடியுமா என்ற கேள்வி உலகத் திருச்சபைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் 1968இல் டிராய் பெரி என்ற பெந்தெகொஸ்தே போதகர், தன்பாலீர்ப்பாளருக்கென்றே ஒரு சபையை லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே தொடங்கினார். 1972இல் வில்லியம் ஜான்சன் என்பவர் தன் இயல்பை வெளிப்படையாகச் சொன்ன பிறகும் கிறிஸ்துவின் ஐக்கிய சபையில் குருப்பட்டம் பெற்றார். 2003இல் ஜீன் ராபின்சன் அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது ஆங்கிலிக்கன் உலகமே இரண்டுபட்டது. தமிழ்நாட்டில் இந்த விவாதம் நடந்த வழி வேறு.

சொற்களும் விவிலிய மொழிபெயர்ப்பும்

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் வாசிப்பது 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமம். இவ்விவாதத்தில் அடிக்கடி காட்டப்படும் வசனம் முதலாம் கொரிந்தியர் 6:9. அங்கே கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. முதலாவது 'மலகோய்', நேர்ப்பொருள் மென்மையானவர்கள். இதைத் தமிழ் வேதாகமம் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று பெயர்த்தது. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் மன்னர் பதிப்போ 'பெண்தன்மை கொண்டவர்' என்ற பொருளில் பெயர்த்தது. ஒரே சொல்லுக்கு இரு மொழிகளில் இவ்வளவு தொலைவான பொருள் என்பதே, மூலச்சொல் எவ்வளவு தெளிவற்றது என்பதற்குச் சான்று. இரண்டாவது சொல் பவுலின் எழுத்துகளுக்கு முன் காணக்கிடைக்காதது. தமிழில் அது 'ஆண்புணர்ச்சிக்காரர்' ஆயிற்று. 'ஹோமோசெக்சுவல்' என்ற நவீனச் சொல் ஆங்கில வேதாகமத்துக்குள் நுழைந்தது 1946இல்தான்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. மத்தேயு 19:12, ஏசாயா 56 ஆகிய இடங்களில் 'அண்ணகர்' என்ற சொல்லைப் பயன்படுத்தும் இதே தமிழ் வேதாகமம், அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெறும் எத்தியோப்பிய அண்ணகரை வெறும் 'மந்திரி' என்று குறிக்கிறது. தொடக்கத் திருச்சபை பால்வரையறைக்கு வெளியே இருந்த ஒருவரைத் தடையின்றிச் சேர்த்துக்கொண்ட கதை அது. தமிழ் வாசகர் தலைமுறை தலைமுறையாக அதை ஓர் அமைச்சரின் மனமாற்றமாகவே படித்தனர்.

திருநங்கையருக்குத் திறந்த கதவு

தமிழ்நாட்டில் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு திருநங்கைப் போதகர். எஸ்றா சற்குணம் பேராயராக இருந்த இந்திய சுவிசேஷத் திருச்சபையில் பாரதி என்ற திருநங்கை இறையியல் கற்று, 2010களின் தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பகுதியில் போதகரானார். இந்தியாவின் முதல் திருநங்கைப் போதகர் என்று செய்தித்தாள்கள் அவரைக் குறித்தன. ஞானஸ்நானம், திருமணம், திருவிருந்து எல்லாவற்றையும் நடத்தும் போதகர் அவர். சபையார் பெரும்பாலும் திருநங்கையர் அல்லர்.

இது எப்படி இயன்றது? தமிழ்நாடு அரசு 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்திருந்தது. ஊரறிந்த ஒரு சமூகமாகத் திருநங்கையர் இருந்தனர். அவர்களைப் பிறப்பால் அப்படி அமைந்தவர்கள், இரக்கத்துக்குரியவர்கள் என்று சபை எண்ணியது. மத்தேயு வசனமும் கைகொடுத்தது. தன்பாலீர்ப்பாளரைச் சபை அப்படிப் பார்க்கவில்லை. அவருடையது 'நடத்தை', எனவே பாவம், எனவே மனந்திரும்ப வேண்டியது என்பதே பெரும்பான்மைப் போதனை. இரக்கத்தின் பெயரால் திறந்த கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதும் கேட்கத்தக்கதே. இரக்கமும் சம உரிமையும் ஒன்றல்ல.

வெளிப்படையாகச் சொன்னால் என்ன ஆகும்

திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்குள்ள தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆலயங்கள் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தவை; கத்தோலிக்கப் பங்குகள் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் அடங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இவற்றோடு வாடகைக் கட்டடங்களில் இயங்கும் சிறு பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. ஒரே மனிதருக்கு இந்த மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு நிலை.

கத்தோலிக்கக் குரு மணம் செய்யாதவர் என்பதால் அவருடைய ஈர்ப்பு பேசப்படாமலே போகலாம். ஆனால் 2005இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், தன்பாலீர்ப்பு ஆழமாக வேரூன்றியவர்களைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. சி.எஸ்.ஐ.யில் மௌனம்கூட எளிதன்று. ஆயர் இல்லத்தில் ஓர் 'ஆயரம்மா' இருப்பார், பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவார் என்பது எழுதப்படாத எதிர்பார்ப்பு. முப்பது வயதைக் கடந்தும் மணமாகாத ஆயரிடம் சேகரக் குழுவே வரன் பேசும். தனிச் சபைகளில் நிறுவனப் போதகரின் சொல்லே சட்டம்; மேல்முறையீட்டுக்கு மன்றம் இல்லை. 'விடுதலை ஜெபம்', உபவாசம் என்று மாதக்கணக்கில் உட்கார வைக்கப்படும் இளைஞருக்கு அங்கே நேர்வது சிறிய துன்பமன்று: தங்குமிடம், வேலைக்கான பரிந்துரை, நண்பர்கள் என எல்லாமே அந்தச் சபை வழியாக வந்திருக்கக்கூடும்.

இந்தியச் சட்டமும் இங்கே சமமாக நிற்கவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை விலக்கியது. அந்தப் பிரிவைக் காக்க வழக்காடியவர்களுள் அப்போஸ்தலத் திருச்சபைகள் கூட்டமைப்பும் உத்கல் கிறித்தவ அமைப்பும் இருந்தன. ஆனால் 2019ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் திருநர்களை மட்டுமே காக்கிறது. தன்பாலீர்ப்பின் காரணமாகச் சபை நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. குருப்பட்டம் யாருக்கு என்பது அரசியலமைப்பின் 26ஆம் உறுப்பின்படி சபையின் உள்விவகாரம்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, மருத்துவத்தால் ஒருவரின் ஈர்ப்பை 'மாற்ற' முயல்வதைத் தடை செய்தார். தேசிய மருத்துவ ஆணையமும் பின்னர் அதைத் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது. மருத்துவருக்கு உரிமம் உண்டு, பறிக்கலாம். ஜெப அறையில் அதே வேலையைச் செய்பவரிடம் பறிக்க உரிமம் ஏதும் இல்லை.

திருச்சபைக்குள் எழுந்த குரல்கள்

எதிர்ப்பு மட்டுமே இருந்ததாகக் கொள்வது சரியன்று. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றம், டில்லி உயர் நீதிமன்றத்தின் 2009 தீர்ப்புக்குப் பிறகு இது பற்றிய கலந்துரையாடல்களை நடத்தியது. உறுப்புச் சபைகளில் பல அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜார்ஜ் சக்கரியா, வின்சென்ட் ராஜ்குமாருடன் சேர்ந்து, திருச்சபையில் நிலவும் தன்பாலீர்ப்பு வெறுப்பைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பை 2015இல் கொண்டுவந்தார். 2013இல் உச்ச நீதிமன்றம் 377ஐ மீட்டெடுத்தபோது, மும்பைக் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், ஒருபால் திருமணத்தை ஏற்காவிட்டாலும் தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளிகளாகத் திருச்சபை கருதியதில்லை என்று கூறினார். இறையியல் கல்லூரியில் படிக்கும் நூலுக்கும் ஞாயிறு பிரசங்கத்துக்கும் உள்ள தொலைவு மட்டும் குறைந்தபாடில்லை. கல்லூரியில் துணிவாகப் பேசிய மாணவர், சேகரத்துக்குப் போனதும் பேச்சைக் குறைத்துக்கொள்வது இயல்பு. சம்பளம், இடமாற்றம், வீடு எல்லாம் பேராயத்தின் கையில்.

தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பினர். 1998 லாம்பெத் மாநாடு தன்பால் உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்றது. அதே தீர்மானம் தன்பாலீர்ப்பாளரின் அனுபவத்துக்குச் செவிகொடுப்பதாகவும் உறுதி கூறியது. முதல் பாதி பரவலாக மேற்கோளாகிறது. இதே ஐக்கியத்தில், கேரளக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த வின்னி வர்கீஸ் தன்பாலீர்ப்புடையவர் என்று அறிவித்துக்கொண்ட குரு. 2025இல் நியூயார்க்கின் தூய யோவான் பேராலயத்தின் தலைமைக் குரு ஆனார்.

சி.எஸ்.ஐ.யில் குருத்துவ விதி மாறவே மாறாதது அன்று. பெண்களுக்குக் குருப்பட்டம் 1970களில் வந்தது. முதல் பெண் பேராயரான புஷ்பலலிதா பொறுப்பேற்றது 2013இல். இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். தன்பாலீர்ப்பாளரின் குருத்துவத்தை ஏற்கும் தீர்மானம் எதையும் சினாடு இயற்றவில்லை. ஒருபால் இணையருக்கு ஓலை வாசிக்கவும் வழியில்லை: 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை, 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றமும் திருமண உரிமையை அளிக்க மறுத்துவிட்டது.