உதாரும் சுரண்டலும்

போக்கர் ஆட்டத்தைப் பற்றி இங்கே எழுதுவானேன் என்று கேட்கலாம். ஆட்டக்காரர்கள் ஆங்கிலத்தில் புழங்கும் ஒரு சொல்தான் என்னை இழுத்தது. எதிராளியின் பழக்கத்தைக் கண்டுகொண்டு, அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றிப் பணம் பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சுரண்டல்'. நமக்கு நன்கு பழகிய சொல்.

தீக்குச்சிகளைப் பணயம் வைத்துத் தோழர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். தொடர்ந்து தோற்றேன். "உங்க கையில என்ன சீட்டுன்னு எனக்குத் தெரியாது தோழர். ஆனா நான் பந்தயம் கட்டினா நீங்க விடமாட்டீங்க, பாத்தே தீருவீங்க. அது போதும் எனக்கு" என்றார். எதையும் சந்தேகித்தே பழகிய மனம். ஆள் உதார் விடுறார் என்றே எனக்குப் படும். அவரோ உதார் விடுவதையே நிறுத்திவிட்டு, நல்ல சீட்டு வந்தால் மட்டும் பெரிதாகக் கட்டினார். நான் விமர்சன மனம் என்று நினைத்திருந்தது அவருக்கு வருமானமாக இருந்தது.

கணக்கு எளிது. கடைசிச் சுற்று, நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. எதிராளி 100 கட்டுகிறார். அவர் உதார் விட்டிருந்தால் மட்டுமே ஜெயிக்கிற சீட்டு என்னிடம். பார்க்க நான் 100 போடவேண்டும். ஜெயித்தால் 200 வரும். மூன்றில் ஒருமுறை அவர் உதார் என்றால் ஒருமுறை 200 வரும், இருமுறை நூறு நூறாகப் போகும்: சரிக்குச் சரி. அதைவிட அதிகம் உதார் விடுகிறவரா, எப்போதும் பார்க்கவேண்டும். குறைவா, சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். மாறாக, எதிராளி பயந்த ஆள்; பத்தில் ஆறுமுறை கவிழ்த்துவிடுகிறார். வெறுங்கையோடு நான் 100 கட்டினாலே 600 வரும், 400 போகும்.

ஒருவர் இழப்பே மற்றவர் லாபமாகும் இருவர் ஆட்டத்தில், சரியான விகிதத்தில் கலந்து ஆடினால், நம் திட்டம் முழுக்கத் தெரிந்தாலும் எதிராளி ஒரு வரம்புக்குமேல் நம்மிடம் பறிக்கமுடியாது என்று 1928இல் நிறுவியவர் ஜான் வான் நாய்மன். சுரண்ட இறங்குகிறவர் இந்தக் காப்பை இழக்கிறார். தோழர் உதாரைக் கைவிட்டதுமே அவருடைய பந்தயம் ஒரே அர்த்தம் கொண்ட பிரதியாகிவிட்டது. எனக்கு அது உறைக்க நாளாயிற்று. உறைத்தபின் அவர் கட்டினால் நான் கவிழ்த்தேன். அவருக்கு நல்ல சீட்டு வந்தும் பயனில்லை. அடுத்தவர் பழக்கத்தை வாசிப்பவர் அந்த வாசிப்பின் வழியாகவே தானும் வாசிக்கப்படக்கூடியவராகிறார்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்ற லிப்ராட்டஸ் என்கிற கணினி நிரல், இந்தப் பொறியில் விழவில்லை. அவர்கள் பகலில் எந்த இடத்தில் துளைக்கப் பார்த்தார்களோ, இரவில் தன்னுடைய அந்த ஓட்டைகளைத்தான் அது அடைத்தது. எதிராளியின் பலவீனத்தைத் தேடி அலையவில்லை.

இன்னொன்று. எங்கள் தீக்குச்சி ஆட்டத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் சூதாட்ட விடுதிகளில் உண்டு. விடுதி சீட்டைத் தொடுவதில்லை, உதார் விடுவதில்லை. பெரும்பாலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன 'சரிக்குச் சரி'கூட அங்கே நஷ்டம்தான். யார் யாரைச் சுரண்டினாலும் அதற்கு வரவு. அதனிடம் வாசிப்பதற்குப் பழக்கம் எதுவும் கிடையாது. ஆட்டத்தின் விதியாக அது இருக்கிறது. ஒருவர் பழக்கத்தை ஒருவர் துல்லியமாக வாசித்துத் தாக்கிக்கொள்ளும் நம் குழுக்களும், மேசை யாருடையது என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது.