இன்டர்கூலருக்கு காத்து வேணும்னு கிராஷ் பாரை அறுக்கலாமா? பம்பருக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

சென்னை: காரின் முன் பம்பர் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். அதைக் கழற்றினால் உள்ளே குறுக்காக ஒரு பார் தெரியும். இரும்பிலோ அலுமினியத்திலோ செய்திருப்பார்கள். இதுதான் 'கிராஷ் பார்'. மெக்கானிக்குகள் 'பம்பர் பீம்' என்றும் சொல்வார்கள்.

டர்போ கார் வைத்திருக்கும் சிலருக்கு இந்த பார் மீது ஒரு கண். "இது குறுக்கே நிக்குது. பின்னாடி இருக்கிற இன்டர்கூலருக்கு காத்து போக மாட்டேங்குது. கொஞ்சம் அறுத்து விட்டா வண்டி பறக்கும்" என்று நினைக்கிறார்கள். கட்டிங் மெஷினை எடுத்து பாரின் கீழ்ப்பகுதியை அறுப்பது, டிரில் போட்டு வரிசையாக ஓட்டை போடுவது, பாரையே தூக்கிவிட்டு மெல்லிய பைப்பை வெல்டு வைப்பது என்று பல வகையில் இது நடக்கிறது.

வேலை முடிந்து பம்பரை மாட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இன்டர்கூலர் என்ன செய்கிறது?

சைக்கிளுக்கு காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சூடாவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றை அமுக்கினால் சூடு ஏறும். டர்போவும் ஒரு பம்ப்தான். இன்ஜினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது.

வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். டர்போ நன்றாக அழுத்தும்போது அந்தக் காற்று 120, 130 டிகிரி வரைக்கும் சூடாகிவிடும். சூடான காற்று லேசாகிவிடும். அதில் ஆக்சிஜன் குறைவு. இன்ஜினின் இழுவையும் குறையும்.

இந்த சூட்டை இறக்குவதுதான் இன்டர்கூலரின் வேலை. ரேடியேட்டர் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே தண்ணீருக்கு பதிலாக டர்போ காற்று ஓடும். 130 டிகிரி காற்று 55 டிகிரிக்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் அதே இடத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் காற்று அடங்கும். இன்டர்கூலர் கூலாக இருந்தால் வண்டி நன்றாக இழுக்கும் என்று சொல்வது அதனால்தான். அதில் தப்பே இல்லை.

பழைய பார்ச்சூனர், ஸ்கார்பியோ வண்டிகளில் பானட் மேல் மூக்கு மாதிரி ஒரு திறப்பு இருக்கும். இன்ஜின் மேல் இருக்கும் இன்டர்கூலருக்கு காற்று போகும் வழி அது. பல கார்களில் இன்டர்கூலர் முன்பக்கம் ரேடியேட்டரோடு சேர்ந்து, கிராஷ் பாருக்குப் பின்னால் இருக்கிறது. அறுக்கும் ஆசை வருவது இந்த வண்டிகளில்தான்.

அந்த பார் எதற்கு?

கிராஷ் பாரின் இரண்டு ஓரத்திலும் பெட்டி போல ஒரு பகுதி இருக்கும். அதன் பெயர் 'கிராஷ் பாக்ஸ்'. அதற்குப் பின்னால் சேஸிஸின் இரண்டு நீளமான கைகள். வண்டி எதிலாவது மோதினால் முதல் அடியை பார் வாங்கும். அடுத்து கிராஷ் பாக்ஸ் அப்பளம் போல நொறுங்கும். அதன் பிறகு சேஸிஸ் கைகள் மடங்கும். இப்படி படிப்படியாக அடியைத் தின்றுவிடுவதால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு அடி குறைகிறது.

ரோட்டில் நடக்கும் மோதல்களில் பல, முகத்துக்கு முகம் நேராக நடப்பதில்லை. எதிரே வரும் வண்டி வலது ஓரத்தில் மட்டும் இடிக்கும். அப்போது அந்த ஒரு பக்க அடியை இழுத்து இடது பக்க கைக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது இந்த பார்தான். பார் பலமில்லை என்றால் மொத்த அடியும் ஒரே பக்கம் இறங்கும். பெரும்பாலும் அது டிரைவர் பக்கம்.

இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு 2017 அக்டோபரில் இருந்தும், எல்லா கார்களுக்கும் 2019 அக்டோபரில் இருந்தும் மோதல் சோதனை கட்டாயம். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் இடிக்கும்படி காரை மோத விடுவார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' ஸ்டார் சோதனையில் வேகம் 64 கிலோமீட்டர்.

56 கிலோமீட்டர் வேகம் ஜி.எஸ்.டி. சாலையில் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 12 மீட்டர் உயரத்தில் இருந்து கார் கீழே விழுவதற்கு சமம். அதாவது நாலு மாடி உயரம். இவ்வளவு அடியைத் தாங்கும் பாதையில் முதல் படியைத்தான் அறுத்துப் போடுகிறார்கள்.

'சின்ன ஓட்டைதானே' என்பவர்களுக்கு...

பாரை முழுசா எடுக்கவில்லை, ஓட்டை மட்டும்தான் போட்டேன் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. அதுவும் லேசான விஷயம் இல்லை.

பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துப் பார்த்தால் புரியும். ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கிராஷ் பார் வளையும்போதும் அதே கதைதான். பலத்தைத் தாங்குவது முன் சுவரும் பின் சுவரும். காற்று உள்ளே போக வேண்டும் என்றால் ஓட்டை போட வேண்டியதும் அதே இரண்டு சுவர்களில்தான். எந்த இடம் பலமோ அந்த இடத்திலேயே கை வைத்த மாதிரி ஆகிவிடும். அடி விழும்போது ஓட்டையின் விளிம்பில் இருந்து பார் கிழியவோ மடங்கவோ தொடங்கும்.

கம்பெனி பாரிலேயே சில ஓட்டைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை எங்கே, எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கணக்கு போட்டு, மோத விட்டுப் பார்த்து வைத்தவை.

வெல்டிங் இன்னொரு வம்பு. இப்போதைய கார்களில் பலவற்றின் பார் சாதாரண இரும்பு கிடையாது. சூடாக்கி அச்சில் அழுத்தி, அப்படியே குளிர வைத்த உயர்ரக ஸ்டீல். மெல்லிசாக இருக்கும், பலம் பல மடங்கு. அதன் மேல் வெல்டு வைத்தால் சுற்றியுள்ள இடம் சூட்டில் இளகி பலம் இழந்துவிடும். வெல்டர் எவ்வளவு கை தேர்ந்தவராக இருந்தாலும் போன பலம் திரும்பாது.

ஏர்பேக்கும் இதில் சம்பந்தப்பட்டது. வண்டியின் வேகம் எவ்வளவு சடாரென்று குறைகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரிய வேண்டுமா என்பது முடிவாகிறது. பார் இளகினால் அந்தக் கணக்கு மாறலாம். ஏர்பேக் விரிவதில் கண் இமைக்கும் நேர தாமதம் கூட உயிர் சம்பந்தப்பட்டது.

சின்ன மோதலிலும் நஷ்டம் உண்டு. டிராபிக்கில் ஊர்ந்து போகும்போது முன் வண்டியில் முட்டினால், நல்ல பார் இருக்கும் காரில் பெரும்பாலும் பம்பரோடு போய்விடும். பாரை அறுத்த காரில் ரேடியேட்டர், ஏ.சி. கன்டென்சர் வரை அடி போகும். எந்த இன்டர்கூலருக்காக பாரை அறுத்தார்களோ, அதுதான் முதலில் அடிபடும்.

அறுத்தால் காற்று கூடுமா?

இதுதான் வேடிக்கை. பல வண்டிகளில் பெரிதாகக் கூடாது.

வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, கொல்லைக் கதவை மூடி வைத்தால் வீட்டுக்குள் காற்று வருமா? இன்டர்கூலரும் அப்படித்தான். முன்னால் வரும் காற்று அதன் இடுக்கு வழியாகப் புகுந்து பின்னால் வெளியேற வேண்டும். ஓரத்தில் சந்து இருந்தால் காற்று இடுக்கில் நுழையாது. சுலபமான வழியில் நழுவிவிடும்.

இந்த நழுவலைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் பக்கவாட்டில் பிளாஸ்டிக் தடுப்புகளும், ஸ்பாஞ்ச் பட்டைகளும், அடியில் தட்டும் கம்பெனியில் வைக்கிறார்கள். ஒரு தடவை ஆக்சிடென்ட் ஆகி டிங்கரிங் முடிந்து வந்த வண்டிகளில் இவை காணாமல் போயிருப்பது சகஜம். "இது வெறும் பிளாஸ்டிக்தானே" என்று மாட்டாமல் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு வண்டி சூடாகிறது, இழுவை இல்லை என்றால் பழி பார் மேல் விழுகிறது.

பாரைத் தொடாமல் என்ன செய்யலாம்?

* பக்கவாட்டு தடுப்பு, ஸ்பாஞ்ச் பட்டை, அடித்தட்டு எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் வாங்கி மாட்டுங்கள்.

* இன்டர்கூலர் இடுக்குகளில் சேறு, பூச்சி, இலை அடைந்திருக்கும். பின்பக்கம் இருந்து மெதுவாக தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

* டர்போவில் இருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் வரை போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். விரிசலோ, கிளாம்ப் தளர்ச்சியோ இருந்தால் காற்று லீக் ஆகும். இழுவை குறைய இது முக்கிய காரணம்.

* இன்டர்கூலருக்குள் ஆயில் படிந்திருந்தால் கழற்றி சுத்தம் செய்ய வேண்டும். ஆயில் அதிகமாக இருந்தால் டர்போவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* கிரில் முன்னால் கூடுதல் லைட், பெரிய ஹாரன், அலங்காரத் தகடு மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

* டர்போவுக்குப் பின்னால் சென்சார் உள்ள கார்களில், ஸ்கேனர் போட்டு உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்க்கலாம். டிராபிக்கில் நிற்கும்போது சூடு ஏறுவது இயல்பு. ஹைவேயில் ஓடும்போது பார்ப்பதுதான் சரி.

வண்டிக்கு வெளியே மாட்டும் 'புல் பார்' வேறு, உள்ளே இருக்கும் கிராஷ் பார் வேறு. வெளியே மாட்டும் கம்பிக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் கம்பி நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து. இருந்தால் கழற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பாரைத் தொடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால் கிளெய்மில் சிக்கல் வரும். வாரன்டிக்கும் அதே கதி. கடன் வாங்கி டாக்சி ஓட்டுபவர்களுக்கு இது பெரிய அடி.

ரேஸ் கார்களில் அறுக்கிறார்களே என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் ரேஸ் காருக்குள் டிரைவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கும். தலையில் ஹெல்மெட், உடம்பைக் கட்டிப்போடும் பெல்ட் இருக்கும். எதிரே லாரி வராது. பின் சீட்டில் குழந்தையும் இருக்காது.

பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பாரை அறுத்தவர் அந்தக் காரை விற்றுவிடுவார். வாங்குபவருக்கு விஷயமே தெரியாது. அதனால் செகண்ட் ஹேண்டில் டர்போ கார் வாங்கும்போது கீழே குனிந்து, பம்பர் இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அறுத்த விளிம்பு, வெல்டு தழும்பு, வரிசையாக ஓட்டை, பாருக்கு பதில் பைப் என்று எது தெரிந்தாலும் உஷார். சந்தேகம் இருந்தால் நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்து பம்பரைக் கழற்றிப் பார்க்கலாம்.

ஏற்கனவே அறுத்த கார் கையில் இருந்தால் ஒட்டுப் போடாமல் பாரையே மாற்றுவதுதான் வழி. பெரும்பாலான கார்களில் அது போல்ட்டில் மாட்டும் சாமான்தான். கம்பெனி பார் வாங்குவது நல்லது. புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையது வாங்கினால், வளைவோ வெல்டு தழும்போ புது பெயிண்ட் பூச்சோ இருக்கிறதா என்று பார்த்து, அதே மாடலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும். மாட்டும்போது கிராஷ் பாக்ஸ் நசுங்காமல் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் பார்த்துவிட வேண்டும்.