ஊர்க்காரங்க உங்களைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?

மைன்கிராஃப்ட்ல ஒரு கிராமவாசியை நாலு தடவை அடிச்சுப் பாருங்க. அந்த ஊர் அயர்ன் கோலெம் வந்து உங்களைத் தூக்கி வீசும். 'இது பக்'னு நினைப்பீங்க. பக் இல்லை, கணக்கு.

2019-ல் வந்த 1.14 அப்டேட்டிலிருந்து கிராமவாசிகள் உங்களைப் பற்றி வம்பு பேசுகிறார்கள். ஜாவா பதிப்பில் ஒரு அடிக்கு மைனஸ் 25. நாலு அடி வாங்கியவர் மனசில் நீங்க மைனஸ் 100. அதுதான் எல்லை, அதைத் தொட்டால் ஊரிலேயே தோன்றிய கோலெம் உங்களை எதிரியாக எடுத்துக்கொள்ளும். ஒருவரைக் கொன்றால், பார்த்து நின்றவர்களிடம் ஒரேயடியாக மைனஸ் 125. ஸாம்பி ஆனவரைக் குணப்படுத்தினால் அவரிடம் பிளஸ் 125. ரெண்டு பேர் சந்திக்கும்போது சேதி கைமாறும். அதனால அடி வாங்காத கடைக்காரரும் விலையை ஏத்துவார்.

எவ்வளவு அழகான சிஸ்டம்! ஆனா திரையில் தெரிவது மாறின விலை மட்டும்தான். யார் சொன்னாங்க, எதுக்கு ஏறுச்சு? தெரியாது.

ஸ்டார்டியூ வேலி (2016) இதை வேற மாதிரி செய்யுது. 250 புள்ளிக்கு ஒரு இதயம். மெனுவில் எப்பவும் பார்க்கலாம். குப்பைத்தொட்டியைக் கிளறும்போது பக்கத்தில் யாராவது பார்த்தால், பெரும்பாலும் அங்கேயே முகம் சுளித்துப் பேசுவார்கள், 25 புள்ளி போகும். காரணமும் விளைவும் ஒரே நொடியில். ஃபால்அவுட்: நியூ வேகாஸ் (2010) நல்ல பேரையும் கெட்ட பேரையும் தனித்தனியா எண்ணி, மொத்தத்தை ஒரே பட்டமா காட்டும். ஒரு நல்லது செஞ்சா பழைய கெட்டது அழியாது.

அப்போ எல்லா எண்ணையும் காட்டிடலாமா? வேண்டாம். எண்ணைக் காட்டினா ஆட்டக்காரர் மனுஷங்களை மறந்துட்டு எண்ணை ஏத்தத்தான் விளையாடுவார். காட்ட வேண்டியது மூணு: என்ன செஞ்சேன், யாருக்குத் தெரியும், எப்படிச் சரி பண்றது.

என் மினி ப்ராஜெக்ட்லயும் இதே தப்புதான். வம்பு பரவுற கோடை எழுத மூணு வாரம். விளையாடின நண்பர்கள், "என்பிசி எல்லாம் சும்மாதானே நிக்குது?"ன்னாங்க. கன்சோல்ல ஊரே பேசிட்டிருந்துச்சு, திரையில அமைதி. அப்புறம் கடைக்காரருக்கு ஒரு வரி சேர்த்தேன்: "நேத்து கிணத்தடியில நீ செஞ்சதைக் கேள்விப்பட்டேன். இன்னிக்கு ரெண்டு காசு கூட."

அடுத்து விளையாடினவன் கேட்ட முதல் கேள்வி: "டேய், யாருடா போட்டுக் கொடுத்தது?"

நீங்க கேம் செய்றீங்கன்னா, அந்தக் கேள்வி வர்ற வரைக்கும் உங்க சிஸ்டம் முடியலைன்னு வெச்சுக்கோங்க.