கூப்பன்ல உண்மையிலேயே காசு மிச்சமாகுமா? டார்கெட் கடையை வெச்சு ஒரு கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப்போறது அமெரிக்கக் கூப்பன்கள் பத்தி. கல்விக் கடன் வாங்கிட்டு எம்.எஸ். படிக்க அங்க போறவங்க நம்ம கூட்டத்துல நிறைய பேர். போன முதல் வாரமே தலையணை, வாளி, குக்கர், சோப்புத்தூள்னு எல்லாம் வாங்கணும். ஒவ்வொரு டாலரையும் ரூபாயில மாத்திப் பார்த்து வயிறு எரியுற நேரம் அது. அப்போ "கூப்பன் போடு, பாதி விலை"ன்னு யாராவது சொன்னா ஆசையா இருக்கும். அது எந்த அளவுக்கு உண்மைன்னு பார்ப்போம்.

கூப்பன் காசை யார் கொடுக்கிறாங்க?

1962ஆம் வருஷம் ஒரு சுவாரஸ்யமான வருஷம். வால்மார்ட், கேமார்ட், டார்கெட் மூணு தள்ளுபடிக் கடைகளும் அந்த ஒரே வருஷத்துலதான் ஆரம்பிச்சது. ஆனா வழி வேற வேற. வால்மார்ட் பெரும்பாலும் "தினமும் குறைஞ்ச விலை"ன்னு போகும். டார்கெட் தன்னோட ஆப் வழியா வாராவாரம் சலுகை கொடுக்கும். அதனால கூப்பனைப் புரிஞ்சுக்க டார்கெட் நல்ல உதாரணம்.

கூப்பன்ல ரெண்டு வகை. ஒண்ணு, பொருளைத் தயாரிக்கிற கம்பெனி கொடுக்கிறது. நீங்க 2 டாலர் கூப்பன் கொடுத்தா, கடை அதைக் கம்பெனிக்கு அனுப்பி அந்த 2 டாலரையும், கூடவே கையாளும் செலவுக்குச் சில சென்ட்டும் வாங்கிக்கும். அதாவது கடைக்கு நஷ்டம் இல்ல. இன்னொண்ணு, கடையே கொடுக்கிறது. அது கடையோட லாபத்துல இருந்து குறையுது.

காசு வர்ற பை வேற வேறங்கிறதால, ஒரே பொருளுக்கு ரெண்டையும் சேர்த்துப் போட டார்கெட் மாதிரி கடைகள் பொதுவா அனுமதிக்கும். அனுபவசாலிகள் பண்ற மிச்சத்துல பெரும்பகுதி இந்த அடுக்கு முறையில வர்றதுதான்.

இப்போ கணக்கு போடுவோம்

12 டாலர் விலையுள்ள, பிராண்டட் துணி சோப்புத் திரவம்னு வெச்சுக்குங்க. கடை 20 சதவீதம் தள்ளுபடி தருது: 2.40 போச்சு. கம்பெனிக் கூப்பன் 2 டாலர். மிச்சம் 7.60. கடையோட சொந்த அட்டைல கட்டினா 5 சதவீதம் குறையும்: 7.22. பன்னெண்டு ரூபாப் பொருள் ஏழே கால் ரூபாய்க்கு வந்த மாதிரி. அந்த அட்டை டெபிட் வடிவத்துலயும் இருக்கு, உங்க வங்கிக் கணக்கோட இணைச்சா போதும். கிரெடிட் வடிவத்தை எடுத்துட்டு மாசக் கடைசியில முழுசா கட்டலன்னா, வட்டி அந்த 5 சதவீதத்தை முழுங்கிடும்.

வரி விஷயத்தையும் மறக்காதீங்க. கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி மாநிலங்கள்ல கடைக் கூப்பன் போட்டா குறைஞ்ச விலைக்குத்தான் விற்பனை வரி. ஆனா கம்பெனிக் கூப்பனுக்கு, கழிக்கிறதுக்கு முந்தைய விலைக்கு வரி போடுவாங்க. பில்லைப் பார்த்து "ஏன் கூட வருது"ன்னு குழம்ப வேண்டாம்.

சரி, 7.22 நல்ல விலைதானே? பக்கத்து அலமாரியைப் பாருங்க. அதே அளவுல கடையோட சொந்த பிராண்ட், கூப்பனே இல்லாம 7 டாலருக்கு இருக்குன்னு வைங்க. அட்டைல கட்டினா 6.65. எந்த உழைப்பும் இல்லாம அதுதான் ஜெயிச்சது! கம்பெனிக் கூப்பன்கள் பெரும்பாலும் விலை கூடுன பிராண்டுகளுக்குத்தான் வரும். அதனால விலைச்சீட்டுல சின்னதா போட்டிருக்கிற அவுன்ஸ் கணக்கு விலையை முதல்ல பாருங்க. கூப்பனை அதுக்கப்புறம் பாருங்க.

தள்ளுபடியா, தூண்டிலா?

"30 டாலருக்கு வாங்கினா 5 டாலர் பரிசு அட்டை"ன்னு ஒரு சலுகை அடிக்கடி வரும். உங்க லிஸ்ட் 22 டாலர்லயே முடிஞ்சிடுச்சு. அந்த 5 டாலருக்காக 8 டாலருக்குத் தேவையில்லாத சாமான் எடுத்தா என்ன ஆச்சு? 8 டாலர் கையை விட்டுப் போச்சு. கிடைச்ச 5 டாலரையும் அதே கடையிலதான் செலவு பண்ணணும். மிச்சம் பண்ண மாதிரி ஒரு உணர்வு, அவ்வளவுதான்.

இந்த உணர்வுக்கு எவ்வளவு பலம் தெரியுமா? ஜேசிபென்னிங்கிற பெரிய கடைச் சங்கிலி 2012ல கூப்பனையும் அடிக்கடி போடுற தள்ளுபடியையும் நிறுத்திட்டு, "எப்பவும் நியாயமான விலை"ன்னு மாறுச்சு. முடிவெடுத்தவர் ரான் ஜான்சன். ஆப்பிள் கடைகளை உருவாக்கினவர், அதுக்கு முன்னாடி டார்கெட்ல இருந்தவர். அந்த ஒரே வருஷத்துல விற்பனை கிட்டத்தட்ட கால்வாசி விழுந்துச்சு. 2013 ஏப்ரல்ல அவர் பதவி போச்சு. மக்களுக்குக் குறைஞ்ச விலை மட்டும் போதல, "நான் ஜெயிச்சேன்"ங்கிற திருப்தியும் வேண்டியிருந்தது.

இன்னொரு விலையும் நீங்க கொடுக்கிறீங்க: உங்க தகவல். டார்கெட் தன் வாடிக்கையாளர்கள் வாங்கின சாமான்களை வெச்சே யார் கர்ப்பமா இருக்கலாம்னு கணிச்சு, அதுக்கேத்த கூப்பன் அனுப்பினதா 2012ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு. ஆப்ல உங்களுக்கு வர்ற சலுகை உங்க பழக்கத்தைப் பார்த்து வர்றதுதான்.

கவனம்: போலிக் கூப்பன்

டெலிகிராம் குழுக்கள்ல "இலவசமா வாங்கலாம்"னு கூப்பன் விப்பாங்க. தொடவே தொடாதீங்க. 2021ல வர்ஜீனியாவுல போலிக் கூப்பன் தயாரிச்சு வித்த ஒருத்தருக்கு 12 வருஷம் சிறை கிடைச்சது. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஆன இழப்பு 3 கோடி டாலருக்கும் மேல. விசால இருக்கிறவங்க இந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்போ என்ன பண்ணலாம்?

முதல்ல லிஸ்ட் எழுதுங்க, அப்புறம் ஆப்பைத் திறங்க. இந்த வரிசை மாறவே கூடாது. லிஸ்ட்ல இருக்கிறதுக்கு மட்டும் கூப்பன் தேடுங்க. சிலது பில்லுல தானா கழியும், சிலதை முன்கூட்டியே சேர்த்து வைக்கணும். அதனால வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. கெட்டுப்போகாத சாமான்னா ரெண்டு வாங்கலாம். பால், காய்கறிக்கு அது வேண்டாம். நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு. 1 டாலர் மிச்சம் பண்ண அரை மணி நேரம் தேடினா, அது கட்டுப்படியாகாது.

பில் வந்ததும் "நீங்க இவ்வளவு சேமிச்சீங்க"ன்னு அடியில ஒரு எண் இருக்கும். அதை விடுங்க. மேல இருக்கிற மொத்தத் தொகையைப் பாருங்க. உங்க கணக்குல இருந்து போறது அதுதான்.

உங்க கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.